ஏறியதா, இல்லையா?

2024 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனத்திடமிருந்து ஒரு எண் வந்தது: 129. பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்முறையில் எழுதப்பட்ட எண். அதற்கு முன் பல மாதங்களாக, பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை ‘கோர்’ டெஸ்க்டாப் பிராசசர்கள் சில வினோதமாக நடந்துகொண்டிருந்தன. கேம் பாதியில் அறுந்துபோகும். சுருக்கி வைத்த கோப்பைப் பிரித்தால் பிழை காட்டும். கிராஃபிக்ஸ் கார்டில் தாராளமாக இடமிருக்கும்போதே ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று செய்தி வரும். பலர் நம்பிப் போய் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினார்கள். குற்றவாளி பிராசசர். சில நேரங்களில் அது தேவைக்கு மேல் வோல்டேஜைக் கேட்டு வாங்கியது. மிகையான வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்து, உள்ளே கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்றைக் காலத்துக்கு முன்பே மூப்படைய வைத்தன. 129 என்ற எண் கொண்ட மைக்ரோகோடு, அதாவது பிராசசருக்குள் ஓடும் திருத்த நிரல், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்கும் கோரிக்கைகளுக்கு அணை போட்டது.

அந்த மைக்ரோகோடு பயனர்களை வந்தடைந்த முக்கிய வழி, கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் நிரலான பயாஸ். மதர்போர்டு தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராகப் புதிய பயாஸை வெளியிட்டார்கள். மக்கள் பென் டிரைவில் இறக்கி ஏற்றினார்கள். நீலப் பட்டை நூறு சதவீதம் வரை ஊர்ந்து போனது, கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது, வழக்கமான லோகோ, வழக்கமான விண்டோஸ். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை.

இந்தத் துறையின் அடிப்படைச் சங்கடம் இதுதான். வெற்றிகரமாக நடந்த பயாஸ் அப்டேட்டும், சத்தமில்லாமல் நடக்காமல் போன அப்டேட்டும் திரையில் ஒரே மாதிரி இருக்கும். போனில் ஒரு செயலி புதுப்பிக்கப்பட்டால் பொத்தானாவது இடம் மாறும். பயாஸ் வேலை செய்வதோ லோகோ தெரியும் சில நொடிகளில். அதன்பின் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் போய்விடும். ஆகவே ‘ஏறியதா?’ என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. சிப்பில் எழுதப்பட்டதா? எழுதப்பட்டதுதான் இப்போது ஓடுகிறதா? ஓடுவது, எதற்காக ஏற்றினோமோ அந்த வேலையைச் செய்கிறதா? பெரும்பாலோர் முதல் கேள்விக்குக் கிடைத்த அரைகுறை விடையோடு எழுந்து போய்விடுகிறார்கள்.

முதலில் எழுதும் இடத்தைப் பார்ப்போம். மதர்போர்டில் எட்டுக் கால் கொண்ட சிறிய சிப் ஒன்று இருக்கும். இன்றைய போர்டுகளில் அதன் கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட். இது ஃபிளாஷ் நினைவகம், அதிலும் ‘நார்’ வகை. அழித்த நிலையில் அதன் எல்லா பிட்டும் 1. எழுதுவது என்றால் வேண்டிய இடங்களில் 1ஐ 0 ஆக்குவது. ஒரு 0வை மட்டும் தனியாக 1 ஆக்க வழியில்லை. அது இருக்கும் தொகுதியையே, பொதுவாகக் குறைந்தது 4 கிலோபைட்டை, முழுக்க அழித்துவிட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும். எனவே அப்டேட்டின்போது ஒவ்வொரு தொகுதிக்கும், பழையது போய்ப் புதியது வராத ஒரு கணம் உண்டு. யுபிஎஸ் இல்லாத வீட்டில் மின்வாரியத்தை நம்பி பயாஸ் ஏற்றக் கூடாது என்பது இதனால்தான். ஒழுங்கான அப்டேட் நிரல் எழுதி முடித்ததும் சிப்பைத் திரும்ப வாசித்து, கோப்போடு பைட் பைட்டாக ஒப்பிடும். திரையில் ‘வெரிஃபை’ என்று இன்னொரு பட்டை ஓடுவது அலங்காரம் அல்ல. மூன்று கேள்விகளில் முதலாவதற்கு அதுதான் நேரடி விடை. அதைப் பார்க்காமல் டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

இந்தக் கவலையே இல்லாத காலமும் இருந்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது பயாஸ் வெறும் 8 கிலோபைட்; மாற்றி எழுத முடியாத ரோம் சிப்பில் இருந்தது. புதிய பயாஸ் வேண்டுமானால் சிப்பைப் பிடுங்கி வேறு சிப் செருக வேண்டும். ஏறியதா என்ற சந்தேகத்துக்கு இடமேது? பழைய சிப் கையில் இருக்கிறதே. அப்போதும் பதிப்பை அறிய ஒரு வழி இருந்தது: ரோமின் கடைசிப் பைட்டுகளில் எட்டு எழுத்தில் ஒரு தேதி. முதல் இயந்திரங்களில் 04/24/81. பின்னால் ஹார்டு டிஸ்க் வைக்க விரும்பியவர்கள் டாஸின் ‘டீபக்’ நிரலில் அந்த முகவரியைத் தட்டிப் பார்த்தார்கள். 10/27/82 என்று இருந்தால் சரி. அதற்கு முந்தைய பயாஸுக்கு விரிவாக்க அட்டையில் உள்ள ரோமைத் தேடத் தெரியாது. ஃபிளாஷ் வந்தபின் சிப்பைப் பிடுங்கும் வேலை போயிற்று. கூடவே, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற ஆபத்து வந்தது. தைவானில் ஒரு மாணவர் எழுதிய சிஐஎச் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று, பயாஸ் சிப்பில் குப்பையை எழுதிப் பல கம்ப்யூட்டர்களைக் கிடத்தியது. அந்த எழுத்து ஏறியதா என்று யாரும் சோதிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கு எல்லோரும் செய்யும் சோதனை, பதிப்பெண்ணைப் பார்ப்பது. விண்டோஸில் ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்று தட்டினால் ‘பயாஸ் வெர்ஷன்/டேட்’ என்ற வரி வரும். லினக்ஸில் ‘டிஎம்ஐடிகோட்’ அதையே சொல்லும். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் எடுக்கின்றன. எஸ்எம்பயாஸ் என்ற பட்டியல் அது. கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் பயாஸ் இந்தப் பட்டியலை நினைவகத்தில் எழுதி வைக்கிறது. இயங்குதளம் அதை வாசிக்கிறது. பதிப்பெண் என்பது தயாரிப்பாளர் நிரலைத் தொகுத்தபோது உள்ளே பதித்த ஒரு சொற்சரம், அவ்வளவே. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு போல. சீட்டு பெரும்பாலும் உண்மையே சொல்லும். ஆனால் உள்ளே இருப்பதை யாரும் அளந்து பார்த்து எழுதிய சீட்டு அல்ல.

சீட்டை வாசிப்பதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. எம்எஸ்ஐ போர்டு ஒன்றின் பயாஸ், தயாரிப்பாளர் தளத்தில் ‘7சி02வி3ஐ’ என்ற பெயரில் இருக்கும். அதையே ஏற்றியபின் கம்ப்யூட்டர் ‘3.ஐ0’ என்று காட்டும். இரண்டும் ஒன்றுதான். கடைசி இரண்டு எழுத்தை மட்டும் ஒப்பிடத் தெரியாதவர் ஏறவில்லை என்று நினைத்து மறுபடி ஏற்றுவார். ஜிகாபைட் போர்டுகளில் எண்ணுக்குப் பின்னால் சிறிய ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது சோதனைப் பதிப்பு. தேதி இன்னும் மோசம். எஸ்எம்பயாஸ் விதிப்படி தேதி அமெரிக்க முறையில், மாதம் முன்னால் வர எழுதப்படும். லினக்ஸ் அதை அப்படியே காட்டும். 04/09/2024 என்று பார்த்து, ‘செப்டம்பர் பயாஸ் ஏறிவிட்டது’ என்று மகிழ்ந்தால், கையில் இருப்பது ஏப்ரல் பயாஸ். செப்டம்பரில்தான் இன்டெல் அடுத்த திருத்தமான 12பி மைக்ரோகோடை அறிவித்தது என்பதால், இந்த ஐந்து மாதம் சின்ன விஷயம் அல்ல.

வேறொரு வகைக் குழப்பம் இரட்டை பயாஸ் கொண்ட போர்டுகளில். முதன்மைச் சிப்பில் எழுதியது கெட்டுப்போனால் போர்டு தானாகவே இரண்டாவது சிப்பிலிருந்து எழும். சில போர்டுகள் காப்புப் பிரதியை எடுத்து முதன்மைச் சிப்பிலேயே திரும்ப எழுதிவிடும். வாடிக்கையாளர் பார்ப்பது என்ன? பட்டை ஓடியது, கம்ப்யூட்டர் எழுந்தது, பதிப்பெண் பழையதாகவே இருக்கிறது. தோல்வியிலிருந்து இவ்வளவு நேர்த்தியாக மீண்டதால், தோற்றதே தெரியாமல் போகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவாவது, ஏற்றுவதற்கு முன்பே பழைய பதிப்பெண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாதவருக்கு ‘மாறியதா’ என்ற கேள்விக்குப் பொருளே இல்லை.

பதிப்பெண்ணை விடச் சுவையான ஒரு பதிவேடு, பயாஸின் இன்றைய வடிவமான யுஇஎஃப்ஐ காலத்துக் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. அதை அறிந்தவர்கள் குறைவு. இயங்குதளத்துக்குள் இருந்தபடியே பயாஸை ஏற்றும்போது, இயங்குதளம் தானாக எழுதுவதில்லை. புதிய பயாஸை ஒரு ‘கேப்சூல்’ ஆக்கி யுஇஎஃப்ஐயிடம் ஒப்படைத்துவிட்டு ரீஸ்டார்ட் ஆகிறது. அடுத்த எழுச்சியில், விண்டோஸோ லினக்ஸோ வருவதற்கு முன், யுஇஎஃப்ஐ அந்தக் கேப்சூலின் கையொப்பத்தைச் சரிபார்த்துச் சிப்பில் எழுதுகிறது. ஒப்படைத்தவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். நடுவில் என்ன நடந்தது என்று சொல்லவே ஈஎஸ்ஆர்டி என்ற அட்டவணை. அதில் ‘இப்போதைய பதிப்பு’ ஒரு கட்டம். ‘கடைசியாக முயன்ற பதிப்பு’ தனிக் கட்டம். ‘கடைசி முயற்சியின் நிலை’ இன்னொரு கட்டம். இந்தப் பிரிப்பை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். முயற்சியையும் முடிவையும் தனித்தனியாக எழுதி வைக்கும் பழக்கம் எத்தனை அலுவலகங்களில் இருக்கிறது?

நிலைக் கட்டத்தில் 0 இருந்தால் வெற்றி. 3 என்றால் பதிப்பு பொருந்தவில்லை. பெரும்பாலும், அனுமதித்ததை விடப் பழையதை ஏற்றப் பார்த்திருப்பார்கள். 4 என்றால் கோப்பின் வடிவம் சரியில்லை. 5 என்றால் கையொப்பம் செல்லவில்லை. 6 என்றால் சார்ஜர் செருகப்படவில்லை, 7 என்றால் பேட்டரியில் போதிய சார்ஜ் இல்லை. லேப்டாப் அப்டேட் ‘ஏறவே மாட்டேன் என்கிறது’ என்ற புலம்பல் பலவற்றின் பின்னால் இந்த 6ம் 7ம் இருக்கும். லினக்ஸில் இதை வெறும் எழுத்துக் கோப்பாகவே திறந்து வாசிக்கலாம். ‘எஃப்டபிள்யூஅப்டி’ என்ற நிரல் வரலாறாகவே காட்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரின் ‘ஃபர்ம்வேர்’ பிரிவில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் முயற்சி தோற்றிருக்கிறது என்று பொருள். ஒரு எச்சரிக்கை: செட்டப் திரைக்குள் போய்ப் பென் டிரைவிலிருந்து நேராக ஏற்றியதோ, போர்டின் பின்பக்கப் பொத்தானை அழுத்தி ஏற்றியதோ கேப்சூல் வழியில் போகவில்லை. அது இந்த அட்டவணையில் பதிவாக வேண்டிய கட்டாயம் இல்லை.

இதுவரை வந்த சாட்சிகள் எல்லாம் பயாஸின் வீட்டு ஆட்கள். கொஞ்சம் வெளியாள் வேண்டுமென்றால் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கலாம். அதில் பிசிஆர் எனப்படும் 24 பதிவகங்கள் உண்டு (கொரோனாக் காலத்து மூக்குக் குச்சிச் சோதனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). இந்தப் பதிவகத்தில் விரும்பிய எண்ணை நேராக எழுத முடியாது. பழைய மதிப்போடு புதிய அளவீட்டைச் சேர்த்து, அந்தக் கூட்டின் ஹேஷை எடுத்து, அதையே புதிய மதிப்பாக வைக்கும் ஒரே ஒரு செயல்தான் அனுமதி. கம்ப்யூட்டர் எழும்போது பயாஸ் நிரலின் துண்டுகள் ஒவ்வொன்றாக அளக்கப்பட்டு 0ஆம் பதிவகத்தில் இப்படிச் சேர்கின்றன. நிரலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கடைசி மதிப்பு அடையாளம் தெரியாமல் மாறிவிடும். செட்டப் திரையில் நாம் மாற்றும் அமைப்புகள் வேறு பதிவகத்துக்குப் போவதால், 0ஆம் பதிவகம் மாறியிருந்தால் ஓடும் பயாஸ் நிரலே மாறியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஏற்றுவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை வாசித்து ஒப்பிட்டால் போதும். நம் இரண்டாவது கேள்வியான ‘ஓடுவது எது?’ என்பதற்கு இவ்வளவு கூர்மையான விடை வேறெங்கும் கிடைக்காது.

அளப்பதும் பயாஸின் முதல் துண்டுதானே, அதை யார் அளப்பது என்று கேட்டால், கேள்வி நியாயமானது. இன்டெல்லின் பூட் கார்டு போன்ற ஏற்பாடுகளில் அந்த முதல் துண்டைப் பிராசசருக்குள் ஓடும், இன்டெல் கையொப்பமிட்ட சிறு நிரல் ஒன்று சோதிக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் அது முழுமையாக இயக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்டேட் முடிந்ததும் சில கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி கேட்டு ஊரையே அலறவைப்பது இந்த அளவீட்டின் விளைவுதான். டிஸ்க்கின் சாவி பிசிஆர் மதிப்புகளோடு கட்டப்பட்டிருக்கிறது. மதிப்பு மாறினால் டிபிஎம் சாவியைத் தராது. எரிச்சலான வழியில் வந்தாலும், பயாஸ் மாறிவிட்டது என்பதற்கு இது ஒரு தடயம். கேட்கவில்லை என்பதால் மாறவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. செக்யூர் பூட் இயங்கும் கம்ப்யூட்டர்களில் பிட்லாக்கர் வழக்கமாகப் பார்ப்பது 7, 11 ஆகிய பதிவகங்களை, 0ஐ அல்ல. எப்படியிருந்தாலும், ஏற்றும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, மீட்புச் சாவியையும் வேறிடத்தில் எழுதிக்கொள்வதே புத்தி.

இந்தத் தடயங்களை விட நேரடியான வழி, சிப்பையே வாசித்துவிடுவது. சென்னை ரிச்சி தெருப் பக்கம் ‘சிப் லெவல் சர்வீஸ்’ பலகை மாட்டிய கடைகளில், எட்டுக் காலையும் கவ்வும் கிளிப் ஒன்றும் மலிவான யுஎஸ்பி புரோகிராமர் ஒன்றும் இருக்கும். சிப்பின் உள்ளடக்கத்தை அப்படியே கோப்பாக எடுத்துவிடலாம். அதைத் தயாரிப்பாளரின் கோப்போடு ஒப்பிட்டால் பொருந்தாது! அப்டேட் மிகச் சரியாக நடந்திருந்தாலும் பொருந்தாது. ஏனென்றால் அதே சிப்பில்தான் நம் அமைப்புகளும், பூட் வரிசையும், செக்யூர் பூட் சாவிகளும் எழுதப்படுகின்றன. பல போர்டுகளில் வரிசை எண்ணும் நெட்வொர்க் முகவரியும் அங்கேயே. இன்டெல் போர்டுகளில் மேனேஜ்மென்ட் எஞ்சினுக்கென்று ஒரு தனிப் பகுதியும் உண்டு. அதுவும் தன் குறிப்புகளை அங்கே எழுதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை எழும்போதும் ஏதோ ஒரு மூலை மாறலாம். ஆகவே முழுச் சிப்பின் ஹேஷை ஒப்பிட்டு ‘ஏறவில்லை’ என்று தீர்ப்புச் சொல்பவர் தவறான அளவுகோலைப் பிடித்திருக்கிறார். மாறக் கூடாத நிரல் பகுதியை மட்டும் பிரித்து ஒப்பிட வேண்டும்.

இப்போது 129க்குத் திரும்பலாம். பயாஸ் ஏறிவிட்டது, ஓடுகிறது. பிராசசருக்குள் 129 போனதா? மைக்ரோகோடு பிராசசரில் நிரந்தரமாகப் பதிவதில்லை. மின்சாரம் போனால் அழிந்துவிடும் சிறு நினைவகத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை எழும்போதும் பயாஸ் அதைப் புதிதாக ஊட்ட வேண்டும். பிறகு இயங்குதளம் தன்னிடம் இன்னும் புதியது இருந்தால் மேலே அதை ஊட்டும். இங்கேதான் சாட்சி குழம்புகிறது. இயங்குதளத்துக்குள் இருந்து பார்த்து ‘மைக்ரோகோடு புதிது, ஆகவே பயாஸ் ஏறிவிட்டது’ என்று சொல்ல முடியாது. ஊட்டியது லினக்ஸாகவே இருக்கலாம்.

பிரித்தறிய வழி உண்டு. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், ‘சென்ட்ரல் பிராசசர்’ என்ற கிளையில், ‘அப்டேட் ரிவிஷன்’, ‘ப்ரீவியஸ் அப்டேட் ரிவிஷன்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது இப்போது ஓடுவது. இரண்டாவது, விண்டோஸ் கைவைக்கும் முன் இருந்தது. அதாவது பயாஸ் ஊட்டியது. நமக்கு வேண்டியது இரண்டாவது. வாசிக்கும்போது கவனம் தேவை. பைட்டுகள் தலைகீழ் வரிசையில் இருப்பதால், 129 என்ற எண் அங்கே ‘29 01 00 00’ என்று தெரியும். லினக்ஸில் கெர்னலின் தொடக்கச் செய்திகளில், எந்தத் திருத்தத்திலிருந்து எதற்கு மாற்றப்பட்டது என்ற வரி இருக்கும். மாற்றியதாக வரியே இல்லாமல் எண் மட்டும் புதிதாக இருந்தால் அது பயாஸின் கைங்கரியம்.

எழுத்துச் சுத்தமாக ஏறிய அப்டேட் நல்லது செய்யும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2018 ஜனவரியில் பிராசசர்களின் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கு அவசரமாக வந்த மைக்ரோகோடு பல கம்ப்யூட்டர்களில் கச்சிதமாக ஏறியது. ஏறியபின் அவை திடீர் திடீரென்று ரீபூட் ஆகத் தொடங்கின. அந்த மாதம் 22ஆம் தேதி, பரப்புவதை நிறுத்துங்கள் என்று இன்டெல்லே சொல்ல வேண்டியதாயிற்று.

எனவே மூன்றாவது கேள்வியை அளந்துதான் பார்க்க வேண்டும். இது முந்தைய இரண்டையும் விடக் கடினம், ஏனென்றால் என்ன மாற வேண்டும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 2023இல் ஏஎம்டியின் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சில போர்டுகளில் கருகியபோது, எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் பயாஸ்கள் வந்தன. அங்கே சோதனை எளிது. மெமரியை வேகமாக ஓட்டும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டுவிட்டு, சென்சார் காட்டும் எண் 1.3ஐத் தாண்டுகிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. சந்தேகப் பிராணிகளுக்காகச் சில போர்டுகளில் மல்டிமீட்டர் முனை வைக்கும் புள்ளிகளே உண்டு. இன்டெல் விவகாரம் அவ்வளவு எளிதல்ல. வோல்டேஜ் உச்சங்கள் கண நேரத்தில் வந்து போகும், நொடிக்கு ஒருமுறை அளக்கும் மென்பொருள் அவற்றைத் தவறவிடலாம். 1.55ஐத் தாண்டிய எண் தென்பட்டால் தடுப்பு வேலை செய்கிறதா என்று சந்தேகப்படலாம். தென்படவில்லை என்றால் உறுதியாக எதையும் சொல்ல முடியாது.

இதற்கிடையே, அப்டேட் முடிந்ததும் பலர் கண்ணில் படும் ஒரே மாற்றம், கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்பது. புதிய பயாஸ் பெரும்பாலும் அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும். 6000 வேகத்தில் ஓடிய டிடிஆர்5 மெமரி 4800க்கு இறங்கிவிடும். முதல் எழுச்சியில் மெமரியைப் புதிதாகப் பழக்கும் வரை திரை நிமிடக்கணக்கில் கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து சுவிட்சை அணைப்பவர்களும் உண்டு. அந்தக் கறுப்புத் திரை கோளாறு அல்ல. புதிய பயாஸ் முதல்முறையாக ஓடுகிறது என்பதற்கு, எண்களைத் தேடிப் போகாதவர்களுக்கும் கிடைக்கும் அடையாளம். மெமரி அமைப்பை மறுபடி போட்டால் வேகம் திரும்பும்.

எல்லாச் சாட்சியும் ஒத்துப்போகின்றன என்று வைத்துக்கொள்வோம். பதிப்பெண் புதிது, பயாஸ் ஊட்டிய மைக்ரோகோடு 129 அல்லது அதற்குப் பிந்தைய 12பி. ஆனாலும் கேம் அறுந்துபோகிறது. இங்கே பயாஸை மூன்றாவது முறை ஏற்றுவதில் பயனில்லை. மிகை வோல்டேஜ் ஏற்கெனவே தேய்த்துவிட்ட சுற்றை எந்த மைக்ரோகோடாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது; இந்தத் திருத்தம் தடுப்பு மட்டுமே என்று இன்டெல்லும் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்ட பெட்டி வகைப் பிராசசர்களுக்கு உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு கூட்டி ஐந்து ஆண்டாக்கியதும் இதற்காகத்தான். குறித்து வைத்த பழைய பதிப்பெண், புதிய பதிப்பெண், மைக்ரோகோடு எண், ஏற்றிய தேதி ஆகியவற்றோடு மாற்றுப் பிராசசர் கேட்பதே மிச்சமுள்ள வழி. மாற்று வந்து பொருத்தியதும் விண்டோஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பல போர்டுகளில் செட்டப் திரையே பயாஸ் பதிப்பையும் மைக்ரோகோடு எண்ணையும் காட்டும். இடையில் யாராவது இரண்டாவது பயாஸுக்குச் சுவிட்சைத் தள்ளிச் சோதித்திருந்தால், பழைய பயாஸோடு புதிய பிராசசர் ஓடத் தொடங்கியிருக்கும்.